கப்பலின் பாகங்கள்: பெயர்ப் பட்டியலுக்கு முன்னால் திசை

கேள்வி இதுதான்: கடற்படைச் செய்தியோ கப்பல் விபத்துச் செய்தியோ படித்தால் ஸ்டார்போர்ட், பல்க்ஹெட், குவார்ட்டர்டெக் என்று வந்து விழுகிறது. அடிப்படையாக எந்தச் சொற்கள் தெரிந்தால் போதும்? இடது, வலது என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? தமிழில் இவற்றுக்குச் சொல் உண்டா?

முதலில் ஒன்று. இணையத்தில் கிடைக்கும் 100 சொல் பட்டியலை எடுத்து மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள். இரண்டு நாளில் மறந்துவிடும். நான் கப்பலில் மேல்தள வேலை பார்த்தவன். புதிதாக ஏறும் பையன்களுக்கு நாங்கள் முதலில் சொல்லிக்கொடுப்பது எந்தப் பொருளின் பெயரையும் அல்ல, திசையைத்தான். ஆறேழு திசைச் சொல் கைவந்துவிட்டால் மீதிச் சொற்கள் பெரும்பாலும் அவற்றோடு ஒட்டிக்கொண்டே வரும். பொருளுக்குத் தனிப்பெயர் தெரியாவிட்டால்கூட, ‘போர்ட் பக்கம், பின்னால், இரண்டாவது தளத்தில் இருக்கிற அந்தச் சின்னக் கதவு’ என்று சொல்லி ஆளைச் சரியான இடத்துக்கு அனுப்பிவிடலாம்.

சரி, திசை. கப்பலின் முன்முனை பௌ, பின்முனை ஸ்டெர்ன். முன்பக்கமாகப் போவது ஃபார்வர்ட், பின்பக்கமாகப் போவது ஆஃப்ட். நடுப்பகுதி மிட்ஷிப். பௌவைப் பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம் போர்ட், வலக்கைப் பக்கம் ஸ்டார்போர்ட். இதில் முக்கியம் என்னவென்றால் நீங்கள் திரும்பி நின்றாலும், படுத்துக் கிடந்தாலும், கரையில் நின்று எதிரே பார்த்தாலும் போர்ட் போர்ட்டாகவே இருக்கும். இடது, வலது என்பது ஆளோடு சேர்ந்து திரும்பும். இது கப்பலோடு ஒட்டியது.

இடது, வலது என்று சொன்னால் என்ன குறைந்துவிடும் என்றால், ஒரு உயிர் குறைந்துவிடும். மிகைப்படுத்தவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் கப்பலில் இருந்து ஒருவர் கடலில் விழுகிறார் என்று வையுங்கள். பார்த்தவர் கத்த வேண்டியது ‘மேன் ஓவர்போர்ட், ஸ்டார்போர்ட் சைட்’ என்று. கப்பலை ஓட்டும் இடமான பிரிட்ஜில் இருக்கும் அதிகாரி உடனே சுக்கானை ஸ்டார்போர்ட் பக்கம், அதாவது ஆள் விழுந்த பக்கமாகவே, முழுதாகத் திருப்பச் சொல்வார். விழுந்தவர் மேலேயே கப்பலைத் திருப்புவதா என்று தோன்றும். ஆனால் ஓடும் கப்பல் திரும்பும்போது அதன் சுழற்சிப் புள்ளி பௌவில் இருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இருக்கும். முன்பக்கம் ஸ்டார்போர்டுக்குப் போனால் ஸ்டெர்ன் போர்ட் பக்கம் வீசிக்கொண்டு விலகும், கூடவே புரொப்பல்லரும் ஆளை விட்டு விலகும். இப்போது கத்தியவர் ஸ்டெர்னைப் பார்த்து நின்றுகொண்டு ‘வலதுபக்கம்’ என்று கத்தியிருந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

போர்ட், ஸ்டார்போர்ட் இரண்டோடு பீமையும் குவார்ட்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பீம் என்றால் கப்பலின் அகலம். அதே சொல் நடுவில் இருந்து நேர் பக்கவாட்டுத் திசைக்கும் வரும். ‘ஆன் த போர்ட் பீம்’ என்றால் இடப்பக்கம் நேராக, 90 பாகையில். பீமுக்கும் ஸ்டெர்னுக்கும் நடுவில் உள்ள மூலை குவார்ட்டர். பீமுக்கும் முன்முனைக்கும் நடுவில் உள்ளதைப் போர்ட் பௌ, ஸ்டார்போர்ட் பௌ என்பார்கள். ஆக எங்கே ஒரு படகு தெரிந்தாலும் இந்தச் சொற்களைச் சேர்த்தே சொல்லிவிடலாம். கடற்படையில் இன்னும் சுருக்கம்: ‘ரெட் 30’ என்றால் முன்முனையில் இருந்து போர்ட் பக்கமாக 30 பாகை, ‘கிரீன் 45’ என்றால் ஸ்டார்போர்ட் பக்கமாக 45 பாகை.

சிவப்பும் பச்சையும் எங்கிருந்து வந்தன என்றால், விளக்கில் இருந்து. உலகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் எந்தக் கப்பலும் இரவில் போர்ட் பக்கம் சிவப்பும் ஸ்டார்போர்ட் பக்கம் பச்சையும் எரிய வேண்டும். ஒவ்வொன்றும் நேர் முன்னாலிருந்து 112.5 பாகை வரை தெரியும். ஸ்டெர்னில் உள்ள வெள்ளை விளக்கு மீதி 135 பாகையைப் பார்த்துக்கொள்ளும். கூட்டிப் பாருங்கள், 360 வந்துவிடும். இருட்டில் எதிர்க் கப்பலின் உருவமே தெரியாது, ஆனாலும் சிவப்பு மட்டும் தெரிகிறது என்றால் அதன் போர்ட் பக்கத்தைப் பார்க்கிறோம், அது நம் முன்னால் வலமிருந்து இடமாகப் போகிறது என்று புரிந்துவிடும். 1972-ல் வகுத்த மோதல் தடுப்பு விதிகளின்படி, இரண்டு இயந்திரக் கப்பல்கள் குறுக்கே சந்தித்தால் எதிர்க் கப்பல் யாருடைய ஸ்டார்போர்ட் பக்கம் இருக்கிறதோ அவர்தான் விலகிக்கொடுக்க வேண்டும். அப்படி விலக வேண்டியவர் கண்ணுக்குத் தெரிவது எதிராளியின் சிவப்பு. எதிராளிக்குத் தெரிவது இவருடைய பச்சை. எச்சரிக்கும் நிறம் விலக வேண்டியவருக்குத் தெரிகிறது, அவ்வளவு அழகாகப் பொருந்தும்.

பழைய கப்பல்களில் சுக்கான் பின்முனையின் நடுவில் இல்லை, ஒரு பெரிய துடுப்பாக வலப்பக்கம் தொங்கியது. அதனால் அந்தப் பக்கம் திருப்பும் பக்கம், ஸ்டார்போர்ட். துடுப்பு நசுங்காமல் இருக்க இடப்பக்கத்தைத்தான் கரைக்கு அணைப்பார்கள், எனவே அது போர்ட். முன்பு அதற்கு லார்போர்ட் என்று பெயர். காற்றில் கத்தும்போது ஸ்டார்போர்ட், லார்போர்ட் இரண்டும் ஒரே மாதிரி கேட்கும். பிரிட்டிஷ் கடற்படை 1844-ல் லார்போர்டை ஒழித்துவிட்டுப் போர்ட் என்று மாற்றியது. அதற்கு அத்தனை நூற்றாண்டு ஏன் ஆயிற்று என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

குழப்பம் அதோடு தீரவும் இல்லை. டைட்டானிக்கில் 1912 ஏப்ரல் 14 இரவு பனிப்பாறையைப் பார்த்ததும் கொடுத்த உத்தரவு ‘ஹார்ட் எ ஸ்டார்போர்ட்’. கப்பல் திரும்பியதோ போர்ட் பக்கம். யாரும் தப்புச் செய்யவில்லை. அந்தக் காலத்து உத்தரவு சுக்கானின் கைப்பிடியை எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்பதைச் சொன்னது. கைப்பிடி ஸ்டார்போர்ட் போனால் சுக்கான் பலகை போர்ட் போகும், கப்பலும் போர்ட் போகும். சக்கரம் வந்து பல தலைமுறை ஆன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. 1929-ன் கடல்சார் உயிர்ப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில்தான் ‘கப்பல் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கத்தையே சொல்’ என்று எழுதிவைத்தார்கள்.

செய்தி படிக்கும்போது இது எங்கே உதவும் என்பதற்குக் கோஸ்டா கான்கார்டியா என்ற பயணிகள் கப்பல் நல்ல உதாரணம். 2012 ஜனவரி 13 இரவு இத்தாலியின் ஜிலியோ தீவருகே பாறையில் உரசி, போர்ட் பக்கம் 50 மீட்டருக்கு மேல் கிழிந்தது. ஆனால் படங்களில் கப்பல் ஸ்டார்போர்ட் பக்கமாகச் சாய்ந்து கிடக்கும், கிழிசல் மேலே வெளிச்சத்தில் தெரியும். கிழிந்த பக்கம்தானே மூழ்க வேண்டும் என்று பலர் குழம்பினார்கள். இயந்திரம் நின்றுபோய், கப்பல் தானாகத் திரும்பி, காற்று அதைக் கரைக்குத் தள்ளி, கடைசியில் எதிர்ப்பக்கமாகச் சரிந்தது. சாய்மானம் ஏற ஏற போர்ட் பக்கத்து உயிர்காப்புப் படகுகளை இறக்குவது பெரும்பாடாகிவிட்டது, 32 பேர் இறந்தார்கள். கேப்டன் கரைக்கு அவ்வளவு அருகே போனதுதான் மூலகாரணம். ஆனால் மோதுவதற்கு முந்தைய நொடிகளில் ஒரு சுக்கான் உத்தரவை மாலுமி எதிர்ப்பக்கமாகத் திருப்பியதும் விசாரணையில் பதிவாகியிருக்கிறது. உயிர்காப்புப் படகு என்றதும் ஒரு சின்னத் தகவல்: ஸ்டார்போர்ட் பக்கத்துப் படகுகளுக்கு ஒற்றைப்படை எண், போர்ட் பக்கம் இரட்டைப்படை, இரண்டும் முன்னிருந்து பின்னாக. படகில் 7 என்று எழுதியிருந்தால் அது எந்தப் பக்கத்துப் படகு என்று யாரும் சொல்லவேண்டியதில்லை.

இனி பொருள்களுக்கு வருவோம். ஒரு சரக்குக் கப்பல் துறைமேடையில் கட்டிக் கிடக்கிறது, நீங்கள் கீழே நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தூத்துக்குடியிலோ எண்ணூரிலோ நிலக்கரி இறக்க வந்த கப்பலாக இருக்கட்டும், 225 மீட்டர் நீளம், 32 மீட்டர் அகலம். கண்முன்னால் மதில் மாதிரி எழுந்து நிற்கும் உடம்புதான் ஹல். அதன் அடியில் முன்முனையில் இருந்து பின்முனை வரை ஓடும் முதுகெலும்பு கீல். நீரைத் தொடும் கோடு வாட்டர்லைன். அதற்குக் கீழே கப்பல் எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது என்பது டிராஃப்ட், அதற்கு மேலே தளம் வரை உலர்ந்திருக்கும் உயரம் ஃப்ரீபோர்ட். நீரில் இருந்து கப்பலின் உச்சி வரை உள்ள உயரம் ஏர் டிராஃப்ட். பாம்பனில் பாலத்தைத் தூக்கும்வரை படகுகள் காத்துக்கிடப்பது இதற்காகத்தான். கீழ்ப்பாதியில் சிவப்பாகப் பூசியிருப்பது சிப்பியும் பாசியும் ஒட்டாமல் இருக்க. அந்தப் பூச்சில் செம்பு ஆக்ஸைடு சேர்ப்பது வழக்கம், சிவப்பு அதனால் வந்தது.

இப்போது பௌவுக்கு அருகே போய் உற்றுப் பாருங்கள். ஏணிப்படி போல எண்கள் வரிசையாக எழுதியிருக்கும்: 8 மீ, அதற்கு மேலே 2, 4, 6, 8, பிறகு 9 மீ. ஒவ்வொரு எண்ணின் உயரமும் 10 சென்டிமீட்டர், எண்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியும் 10 சென்டிமீட்டர். எண்ணின் அடிப்பக்கத்தை நீர் தொட்டால் அந்த அளவு. 4-ன் காலை நீர் தொட்டால் 8.4 மீட்டர், 4-ன் தலையைத் தொட்டால் 8.5. அலை ஏறி இறங்கும்போது இரண்டுக்கும் நடுவே கண்ணை ஓட்டிச் சராசரி எடுப்பது ஒரு கலை. இதே எண்கள் நடுவிலும் பின்னாலும், இரண்டு பக்கத்திலும் இருக்கும், மொத்தம் ஆறு இடம். ஆறையும் படித்து, தண்ணீரின் அடர்த்தியையும் அளந்து, கப்பலில் எத்தனை டன் நிலக்கரி இருக்கிறது என்று கணக்குப் போடுவார்கள். அத்தனை ஆயிரம் டன்னை எந்தத் தராசில் நிறுப்பது? கப்பலேதான் தராசு. நம் 225 மீட்டர் கப்பல் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக அமிழ்ந்தால் 65-லிருந்து 70 டன் வரை ஏறியிருக்கிறது என்று அர்த்தம். நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி, முனைகள் குறுகுவதற்குக் கொஞ்சம் கழித்து, கடல்நீரின் அடர்த்தி 1.025-ஆல் பெருக்கி, சென்டிமீட்டர் கணக்குக்காக 100-ஆல் வகுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அதுவே வரும். அரைச் சென்டிமீட்டர் தப்பாகப் படித்தால் இரண்டு லாரி நிலக்கரி காணாமல் போகும், அப்புறம் சரக்குக்காரருக்கும் கப்பல்காரருக்கும் சண்டைதான்.

நடுப்பகுதியில் ஒரு வட்டமும் அதன் குறுக்கே ஒரு கோடும், பக்கத்தில் சீப்பு போன்ற சில கோடுகளும் இருக்கும். அதுதான் பிளிம்சால் கோடு. 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பழைய கப்பல்களில் அளவுக்கு மீறிச் சரக்கேற்றி, மூழ்கினால் காப்பீட்டுப் பணம் என்று அனுப்பிவைத்த முதலாளிகள் இருந்தார்கள். அவற்றைச் சவப்பெட்டிக் கப்பல்கள் என்றே அழைத்தார்கள். சாமுவேல் பிளிம்சால் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் விடாமல் போராடியதால் 1876-ல் இந்தக் குறி சட்டமாயிற்று. சீப்பின் ஒவ்வொரு பல்லும் ஒரு கடலுக்கும் பருவத்துக்கும் உரிய எல்லை. நன்னீரில் கப்பல் அதிகம் அமிழும், அதனால் அதற்குத் தனிப் பல். வங்காள விரிகுடாவுக்கும் தனிக் கணக்கு உண்டு: டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வெப்பமண்டலக் கோடு வரை ஏற்றலாம், மே முதல் நவம்பர் வரை அதற்குக் கீழே உள்ள கோடைக் கோட்டோடு நிறுத்த வேண்டும். ஏன் என்று புயல் பார்த்த நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வட்டத்தின் இருபுறமும் உள்ள இரண்டு எழுத்து, கப்பலுக்குத் தரச்சான்று கொடுத்த அமைப்பின் பெயர். எல், ஆர் என்றிருந்தால் லாயிட்ஸ் ரெஜிஸ்டர்.

பௌவின் அடியில் நீருக்குள் குமிழ் மாதிரி நீட்டிக்கொண்டிருப்பது பல்பஸ் பௌ. அது எழுப்பும் அலை முன்முனை எழுப்பும் அலையை அடக்கிவிடுவதால் எரிபொருள் மிச்சம். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயை அடைத்துக்கொண்டு கிடந்ததே எவர் கிவன், 400 மீட்டர் கப்பல், அதன் குமிழ் கிழக்குக் கரையில் புதைந்துபோனதுதான் பெரிய தலைவலி. ஒரு சின்ன மண்வாரி இயந்திரம் பௌவின் கீழே நோண்டிக்கொண்டிருந்த படம் எல்லோருக்கும் நினைவிருக்கும். மேலே பக்கவாட்டில் வெள்ளை வட்டத்துக்குள் பெருக்கல் குறி போட்டிருந்தால், கீழே நீருக்குள் குறுக்காக ஒரு சின்ன புரொப்பல்லர் இருக்கிறது, கிட்டே வராதே என்று இழுவைப் படகுகளுக்கு எச்சரிக்கை. அது பௌ த்ரஸ்டர்.

மேலே ஏறினால் முன்முனைத் தளம் ஃபோக்சல். எழுதும்போது ஃபோர்காசில், வாயில் வரும்போது ஃபோக்சல். நங்கூரத்தின் ராஜ்யம் இது. நங்கூரச் சங்கிலியைச் சுற்றி இழுக்கும் இயந்திரம் விண்ட்லஸ், சங்கிலி வெளியே இறங்கும் குழாய் ஹாஸ் பைப், மீதிச் சங்கிலி குவிந்து கிடக்கும் கிணறு செயின் லாக்கர். நங்கூரத்தின் எடைதான் கப்பலைப் பிடித்து நிறுத்துகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பாதி வேலை தரையில் படிந்து கிடக்கும் சங்கிலியுடையது. சங்கிலி கிடைமட்டமாக இழுத்தால்தான் நங்கூரத்தின் கொக்கி மண்ணில் ஆழப் பிடிக்கும், செங்குத்தாக இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அதனால்தான் ஆழத்தைப் போலப் பல மடங்கு நீளம் விடுவது. அளவு ஷேக்கிள் கணக்கில். ஒரு ஷேக்கிள் 27.5 மீட்டர். சங்கிலியின் உள்முனைக்குப் பிட்டர் எண்ட் என்று பெயர். அதைக் கிணற்றுக்கு வெளியே இருந்தே கழற்றிவிட முடிகிற மாதிரி பூட்டியிருப்பார்கள், புயலில் நங்கூரத்தையே விட்டுவிட்டு ஓட வேண்டி வரலாம்.

கரையில் கட்டும் கயிறுகளில் நான்கு வகை தெரிந்தால் போதும். முன்னால் போவது ஹெட் லைன், பின்னால் போவது ஸ்டெர்ன் லைன், நேர் குறுக்கே பிடிப்பது பிரெஸ்ட் லைன். நாலாவது ஸ்பிரிங், இது சுவாரஸ்யமானது. பௌவில் இருந்து கிளம்பிப் பின்னோக்கியும், ஸ்டெர்னில் இருந்து கிளம்பி முன்னோக்கியும் சாய்வாக ஓடும். கப்பல் துறைமேடையோடு முன்னும் பின்னும் நகராமல் பிடிப்பது இந்த ஸ்பிரிங்தான். கரையில் கயிறு மாட்டும் குட்டை இரும்புத் தூண் பொல்லார்ட். கயிற்றில் நடுவழியில் வட்டமாக ஒரு தகடு மாட்டியிருந்தால் அது எலி ஏறாமல் இருக்க. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: துறைமுகத்துக்குப் போனால் இறுகி நிற்கும் கயிற்றின் நேர்கோட்டில் நிற்காதீர்கள், படம் எடுக்கவும் நிற்காதீர்கள். நைலான் கயிறு இழுவையில் நீண்டு, அறுந்தால் கண் இமைப்பதற்குள் பின்னால் வீசி அடிக்கும். அந்த இடத்துக்கு ஸ்நேப்பேக் ஸோன் என்று பெயர், கப்பல் வேலையில் உயிரும் காலும் போகிற இடங்களில் அது ஒன்று.

தளத்தின் நடுவில் வரிசையாக இருக்கும் பெரிய மூடிகள் ஹேட்ச் கவர், அவற்றைச் சுற்றி எழும்பி நிற்கும் விளிம்பு கோமிங், கீழே சரக்கு அறை ஹோல்ட். அடியில் இரட்டைத் தளம், டபுள் பாட்டம். அதற்குள் பேலஸ்ட் தொட்டிகள். சரக்கு இல்லாதபோது கடல்நீரை அதில் நிரப்பிக்கொண்டுதான் கப்பல் ஓடும். கசியும் நீரும் எண்ணெயும் வந்து சேரும் அடி மூலை பில்ஜ். கப்பலிலேயே நாற்றமான வேலை எது என்று யாரைக் கேட்டாலும் பில்ஜ் சுத்தம் செய்வது என்பார்கள்.

உள்ளே நுழைந்தால் வீட்டுச் சொல் ஒன்றும் செல்லாது. சுவர் பல்க்ஹெட். நடக்கும் தரை டெக். தலைக்கு மேலே டெக்ஹெட். படிக்கட்டு எவ்வளவு அகலமாக இருந்தாலும் லேடர்தான். ஃப்ளோர், சீலிங் என்ற சொற்களும் கப்பலில் உண்டு, ஆனால் ஃப்ளோர் என்பது டபுள் பாட்டத்துக்குள் செங்குத்தாக நிற்கும் தகடு, சீலிங் என்பது பழைய கப்பல்களில் ஹோல்டின் அடியில் பரப்பிய மரப்பலகை. புதுப் பையன்களைக் கலாய்க்க இதைவிட நல்ல கேள்வி கிடையாது.

பல்க்ஹெட்டுகளில் எல்லாம் ஒரே ரகம் இல்லை. சில வெறும் தடுப்பு. சில நீர் புகாதவை, அவைதான் கப்பலைக் காப்பாற்றுகிறவை. டைட்டானிக்கில் 15 குறுக்குப் பல்க்ஹெட்டுகள் கப்பலை 16 அறைகளாகப் பிரித்தன. முன்னால் உள்ள நாலு அறை நிரம்பினாலும் மிதக்கும்படி வடிவமைப்பு. பனிப்பாறை ஐந்துக்குக் குறையாமல் திறந்துவிட்டது. பல்க்ஹெட்டுகள் போதிய உயரம் எழும்பவில்லை, அதனால் முன்பக்கம் தாழத் தாழ ஒரு அறை நிரம்பி அதன் தலைக்கு மேலாக அடுத்த அறைக்கு நீர் வழிந்தது. இங்கே மூன்று சொல்லைப் பிரித்துக்கொள்ளுங்கள், பத்திரிகைகள் இவற்றைக் கலந்துவிடுகின்றன. முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள டிராஃப்ட் வித்தியாசம் டிரிம். எடை ஒரு பக்கம் சேர்ந்ததால் நிலையாகச் சாய்ந்திருப்பது லிஸ்ட். காற்றாலோ திரும்புவதாலோ தற்காலிகமாகச் சாய்வது ஹீல். டைட்டானிக் பெரும்பாலும் டிரிம்மால் போனது. கோஸ்டா கான்கார்டியாவில் கண்டது பக்கச் சாய்வு.

மேலே எழும்பி நிற்கும் கட்டடம் சூப்பர்ஸ்ட்ரக்சர், உச்சியில் கப்பலை ஓட்டும் இடம் பிரிட்ஜ். துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல்களில் இரண்டு பக்கச் சக்கரக் கூடுகளுக்கு நடுவே ஒரு பாலம் போட்டு அதில் நின்று பார்த்தார்கள், பெயர் அப்படியே நின்றுவிட்டது. புகைபோக்கி ஃபனல், சமையலறை கேலி, சாப்பிடும் இடம் மெஸ். கழிப்பறைக்குக் கடற்படையில் ஹெட்ஸ். பாய்மரக் காலத்தில் காற்று பின்னாலிருந்துதான் பெரும்பாலும் வீசும், ஆகவே கழிப்பிடத்தை முன்முனையில் வைத்தால் நாற்றம் முன்னே போய்விடும், அலை கழுவிவிடும். போர்க்கப்பலில் அதிகாரிகளின் உணவறை வார்ட்ரூம். பின்பக்கத் தளம் குவார்ட்டர்டெக், மரியாதைக்குரிய இடம். கப்பலில் ஏறும் கடற்படையினர் அதை நோக்கிச் சல்யூட் அடித்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள்.

விமானந்தாங்கிக் கப்பலில் மட்டும் இந்தக் கட்டடத்துக்கு ஐலண்ட் என்று பெயர். கொச்சியில் கட்டி 2022 செப்டம்பர் 2-ல் படையில் சேர்த்த விக்ராந்த்தின் படத்தைப் பாருங்கள், 262 மீட்டர் நீளம், 62 மீட்டர் அகலம். ஐலண்ட் ஸ்டார்போர்ட் விளிம்பில் ஒதுங்கி நிற்கும். உலகத்தில் ஏறக்குறைய எல்லா விமானந்தாங்கிகளிலும் அப்படித்தான், ஜப்பானின் அகாகி, ஹிர்யூ என்ற இரண்டில் மட்டும் போர்ட் பக்கம் வைத்தார்கள். ஆக, எந்த விமானந்தாங்கியின் படத்தைக் காட்டினாலும் ஐலண்டைப் பார்த்து எது பௌ என்று கண்டுபிடித்துவிடலாம். விக்ராந்த்தில் முன்முனை மேல்நோக்கி வளைந்தும் இருக்கும், விமானம் ஓடிக் கிளம்ப.

ஸ்டெர்னில் புரொப்பல்லர், அதன் பின்னால் ரடர், அதாவது சுக்கான். தமிழ்ச் சொற்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதற்கு இதுவே இடம். சுக்கான், நங்கூரம் இரண்டும் கடல் வணிகம் அரபு, பாரசீகப் பக்கமிருந்து கொண்டுவந்து சேர்த்தவை. சுக்கான் பிடிப்பவர் சுக்காணி. அதை ஆங்கிலேயர்கள் சீகன்னி என்று எழுதிவைத்தார்கள். இந்திய மாலுமிகள் வேலை செய்த கப்பல்களில் தலைமை மாலுமி செராங், அடுத்தவர் தண்டல், சமையல்காரர் பண்டாரி. தூத்துக்குடித் தோணிகளில் தோணியை நடத்துபவரே தண்டல். முன்முனைக்கு நம் மீனவர்களிடம் அணியம் என்ற நல்ல சொல் புழக்கத்தில் இருக்கிறது. மலையாளக் கரையிலும் அதே அணியம்தான், பின்முனை அமரம். எழுதும்போது அணியம், சுக்கான், நங்கூரம், பாய்மரம், தளம் ஆகியவற்றைத் தாராளமாகப் போடுங்கள், படிப்பவருக்குப் புரியும். போர்ட், ஸ்டார்போர்டுக்கு மட்டும் என் யோசனை, அப்படியே வைத்துவிடுங்கள். இடப்புறம், வலப்புறம் என்று மாற்றினால் மேலே சொன்ன தகராறு திரும்ப வந்துவிடும். கதையில் எழுதுகிறீர்கள் என்றால் முதல் தடவை ஒரு வரியில் விளக்கிவிட்டால் போதும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை, டன் பற்றி. போர்க்கப்பலுக்குச் சொல்வது டிஸ்பிளேஸ்மென்ட், கப்பல் விலக்கும் நீரின் எடை, அதாவது கப்பலின் மொத்த எடை. விக்ராந்த் முழுச் சுமையோடு சுமார் 43,000 டன். சரக்குக் கப்பலுக்குச் சொல்வது டெட்வெயிட், அது சுமக்கக்கூடிய எடை. எவர் கிவனுக்கு ஏறக்குறைய 2 லட்சம் டன். பயணிகள் கப்பலுக்குச் சொல்லும் கிராஸ் டன்னேஜ் எடையே அல்ல, உள்ளே அடைபட்ட இடத்தின் கொள்ளளவில் இருந்து கணக்கிட்ட எண். டைட்டானிக்குக்கு எல்லோரும் சொல்லும் 46,000 சொச்சம் இந்த வகைதான். ஆகவே விக்ராந்த்தும் டைட்டானிக்கும் கிட்டத்தட்ட ஒரே எடை என்று யாராவது எழுதியிருந்தால், இரண்டு வேறு அளவுகோலை ஒன்றாக வைத்துப் பார்த்திருக்கிறார்கள். டைட்டானிக்கின் டிஸ்பிளேஸ்மென்ட் 52,000 டன்னுக்கும் மேல்.